கொங்குச் சாப்பாட்டுக்கு ரெட் ஒயின்: விலை குறைந்த பாட்டிலை வாங்கி, குளிரவைத்து, ருசி பார்த்து, கறியோடு சேர்க்கும் முழு வழிகாட்டி

ரெட் ஒயின் என்றால் நம் பக்கம் இரண்டு கட்சி. "அது சும்மா இனிப்புத் தண்ணிங்க, ஒண்ணும் ஏறாது" என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு கட்சி. "ரத்தம் ஊறுமாமுங்க" என்று டானிக் மாதிரி அளந்து குடிக்கிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு பேரும் குடித்திருப்பது பெரும்பாலும் ஒன்றேதான்: லேபிளில் 'போர்ட்' என்று எழுதிய, சர்க்கரை தூக்கலான மலிவு ஒயின். உண்மையான போர்ட் போர்ச்சுகலில் டோரு பள்ளத்தாக்கில் செய்வது. நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பைப் பாதியில் நிறுத்துவார்கள், அதனால் இனிப்பு தங்கிவிடும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நம்மூரில் அந்தப் பெயரில் விற்பது வேறு சரக்கு. அதற்கும் ஒரு இடம் உண்டு, பிறகு சொல்கிறேன். இந்த வழிகாட்டி இனிப்பில்லாத, சாப்பாட்டோடு குடிக்கிற ரெட் ஒயினைப் பற்றியது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கொங்குச் சமையலுக்கு விலை உயர்ந்த ரெட் தேவையில்லை. தேவையில்லை என்பதைவிட, பல சமயம் சரிப்படவே படாது. ரெட் ஒயினில் விலை ஏற ஏறத் துவர்ப்பும், ஓக் பீப்பாய் வாசமும், ஆல்கஹாலும் சேர்ந்து ஏறுவது வழக்கம். வரமிளகாய்க்கு இந்த மூன்றுமே ஆகாது. மிளகாயின் கேப்சைசின் வாயில் எந்த நரம்பு ஏற்பியைத் தூண்டி எரிய வைக்கிறதோ, அதே ஏற்பியை ஆல்கஹாலும் உசுப்பிவிடும். எரிகிற நாக்கில் துவர்ப்பு பட்டால் சொரசொரப்பாகத் தெரியும். ஆக, நமக்கு வேண்டியது பழவாசம் உள்ள, துவர்ப்பு குறைந்த, இளசான ஒயின். கடையில் கீழ்த்தட்டில் இருப்பதே அதுதான். ஆயிரம் ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே. அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் முன்கூட்டியே. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. அப்புறம், ஒயின் மருந்து கிடையாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. உடம்புக்கு நல்லது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ருசிக்காகக் குடிப்பவர் கொஞ்சமாகக் குடிக்கலாம், குடிக்காதவர் இதைச் சமையல் குறிப்பாகப் படித்துவிட்டுப் போகலாம்.

கடையில் பார்க்க வேண்டியது

சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி அடுப்பில் ஏறிய பிறகு ஓடினால் பாட்டிலைக் குளிரவைக்க நேரம் இருக்காது. சாதாரணக் கடையில் ஒயின் கேட்டால் பின்னால் எங்கிருந்தோ தூசியோடு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், தேர்ந்தெடுக்க வழி கிடையாது. கோயம்புத்தூர், திருப்பூர் மாதிரி ஊர்களில் எலைட் கடைக்குப் போனால் அலமாரியில் இருந்து நாமே எடுத்து, லேபிளைத் திருப்பிப் படிக்கலாம்.

படிக்க வேண்டியது மூன்று. முதலாவது திராட்சை ரகம். ஷிராஸ், கேபர்நே சாவிஞான், மெர்லோ, ஜின்ஃபண்டெல் என்று இருக்கும். இரண்டு பெயர் சேர்ந்திருந்தால் கலவை. கேபர்நேயில் துவர்ப்பு அதிகம், மெர்லோவில் குறைவு. ஷிராஸ் நடுவாந்தரம். ஜின்ஃபண்டெலில் பழவாசம் தூக்கல். முதல் பாட்டில் வாங்குகிறவர் என்னைக் கேட்டால், வீட்டில் கோழி என்றால் ஜின்ஃபண்டெல், ஆட்டுக்கறி என்றால் ஷிராஸ் அல்லது ஷிராஸ் கலந்தது என்பேன். தனிக் கேபர்நேயை வரமிளகாய் போட்ட எதோடும் சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது ஆல்கஹால் அளவு. 12, 13 சதவீதம் போதும். 14-ஐத் தாண்டியதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது அறுவடை ஆண்டு. பாட்டிலில் அடைத்த தேதி வேறு, இது வேறு. நாசிக்கில் சுலா, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் குரோவர் ஜம்பா, சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃபிராட்டெல்லி என்று நமக்குக் கிடைக்கிற இந்திய ஒயின்கள் எல்லாம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை ஆனவை. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும், அறுவடை செப்டம்பர் வாக்கில். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது, அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து வெட்டி ஒரே ஒரு காய்ப்பு எடுக்கிறார்கள். இந்த விலையில் உள்ள ரெட் வைத்திருந்து பழசாக்குவதற்குச் செய்ததல்ல. அறுவடையில் இருந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். 'பழைய ஒயின்தான் நல்லது' என்பது வேறு விலைக்காரர்களின் கதை.

பாட்டிலை ஒரு தடவை நோட்டம் விடுங்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, கழுத்தில் கசிவின் கறை இருந்தாலோ, அது எங்கேயோ வெயிலில் வெந்த பாட்டில். ஜன்னலோரம் வெயில் படுகிற வரிசையில் இருந்து எடுக்காதீர்கள். "பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று கேட்டால் கொடுப்பார்கள். திருகு மூடி இருந்தால் மலிவு என்று ஒதுக்க வேண்டாம். நம் வெயிலுக்கும், திறக்கும் கருவி இல்லாத வீட்டுக்கும் அதுதான் தோது. 'ரிசர்வ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம், விலையும் கூட. நம் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

குளிர்ச்சி: பாதிப் பேர் கோட்டை விடும் இடம்

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. ஈரோட்டில் சித்திரை மாதத்து அறை 34, 35 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசம் எல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரே பாட்டிலைச் சூடாக ஒரு கிளாஸ், குளிராக ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தால் இரண்டும் வேறு வேறு ஒயின் என்று சத்தியம் செய்வார்கள்.

இளசான ரெட்டுக்கு 14 முதல் 17 டிகிரி சரி. காரம் கூடிய சாப்பாடு என்றால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைத்தாலும் தப்பில்லை, குளிர்ச்சி நாக்கின் எரிச்சலையும் கொஞ்சம் அடக்கும். இணையத்தில் 'அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்' என்று படித்திருப்பீர்கள். அது 20 டிகிரி வீட்டுக்காரர்கள் கணக்கு. 32 டிகிரியில் கிடந்த பாட்டில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 16-க்கு இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் குண்டானில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. கழுத்து வரை பாட்டிலை அமிழ்த்தி வைத்தால் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸில் புதைத்தால் இத்தனை வேகமாகக் குளிராது, தண்ணீர்தான் பாட்டிலை முழுசாகத் தொட்டுச் சூட்டை இழுக்கும். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கலாம்.

கை வைத்துப் பார்க்கும் அளவு: பாட்டிலைப் பிடித்தால் சில்லென்று இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. கிளாஸில் ஊற்றிய பிறகு நம் ஊர் அறையில் அது மளமளவென்று சூடாகும். அதனால் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, பாட்டிலை மறுபடியும் உள்ளே வைத்துவிடுங்கள். கிளாஸில் ஐஸ் கட்டி போடலாமா என்றால், ருசி பார்க்கும்போது வேண்டாம். மற்ற நேரம் உங்கள் வீடு, உங்கள் கிளாஸ்.

கிளாஸும் இடமும்

மேல் வாய் குறுகி, வயிறு அகன்ற கண்ணாடி கிளாஸ் ஏதாவது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், விலை உயர்ந்தது வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, வாசமும் தங்காது. கழுவும்போது சோப்பு வாசம் ஒட்டாமல் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள்.

இடம்தான் நம் வீடுகளில் பெரிய தலைவலி. ஞாயிற்றுக்கிழமை வரமிளகாய் தாளிக்கிற வாசம் தெரு வரைக்கும் போகும். அதில் நின்றுகொண்டு ஒயினில் என்ன பழவாசம் என்று தேடினால் கிடைக்கிறது தும்மல்தான். சாமி அறையில் ஊதுவத்தி, தலையில் மல்லிகைப்பூ, வாயில் வெற்றிலை, எல்லாம் ஒயினுக்கு எதிரிகள். தாளிப்புக்கு முன்பே வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் முதல் ருசியைப் பார்த்துவிடுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பச்சைச் சின்ன வெங்காயம் கடித்த வாயோடு உட்காரவே வேண்டாம்.

ருசி பார்க்கும் முறை

கிளாஸில் 50, 60 மில்லி மட்டும் ஊற்றுங்கள். ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். ஓரம் ஊதாவாக இருந்தால் இளசு. செங்கல் நிறத்துக்குப் போயிருந்தால் வயதானது, இந்த விலையில் அது நல்ல அறிகுறி இல்லை. கிளாஸ் ஓரத்தில் கோடு கோடாக வழிவதைப் பார்த்து 'தரமான சரக்கு' என்று சொல்வார்கள். அது தண்ணீரும் ஆல்கஹாலும் வேறு வேறு வேகத்தில் ஆவியாவதால் வருவது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டாமல் ஒரு தடவை மோந்து பாருங்கள். பிறகு கிளாஸை மேசையில் வைத்தபடியே இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு மறுபடியும். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக இழுங்கள். என்ன வாசம் என்று சொல்ல, வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கிற பிளாக்பெரி, கேசிஸ் எல்லாம் நமக்கு எதற்கு? நம் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நாவல்பழம் வருகிறதா? உலர்ந்த திராட்சையா, பேரீச்சையா? கிராம்பு? கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும்போது கொப்பரையில் இருந்து வருகிற வாசமா? முதல் மழையில் நனைந்த செம்மண்ணா? எதுவுமே தெரியவில்லை என்றால் 'பழம்', 'மசாலா', 'மரம்' என்று மூன்றில் ஒன்றையாவது குறியுங்கள். அடுத்த பாட்டிலில் மூக்கு தானாக இன்னும் கொஞ்சம் தேடும்.

ஷிராஸில் மிளகு வாசம் வந்தால் அது கற்பனை இல்லை. மிளகுக்கு அந்த வாசத்தைக் கொடுக்கிற ரொட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் மூக்கில் படாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஒரே கிளாஸை மோந்துவிட்டுக் கணவன் "மிளகு" என்றும் மனைவி "ஒண்ணும் இல்லையே" என்றும் சொன்னால், இரண்டு பேரும் சரிதான். வெயில் ஊரில் விளைந்த ஷிராஸில் மிளகு கொஞ்சம் அடங்கி, பழுத்த பழவாசம் முன்னால் நிற்கும்.

இனி ஒரு மடக்கு. உடனே விழுங்காமல் வாயில் எல்லா இடமும் படும்படி புரட்டுங்கள். கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி நான்கு. நாக்கோரத்தில் எச்சில் ஊறுகிறதா, அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் இழுத்துப் பிடிக்கிறதா, அது துவர்ப்பு. தொண்டையில் சூடு இறங்குகிறதா, அது ஆல்கஹால். விழுங்கிய பிறகு ருசி எத்தனை நேரம் தங்குகிறது, அது பின்ருசி. ருசி பார்ப்பதற்கென்று மட்டும் உட்கார்ந்தால், துப்புவதற்கு ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் தடவை குடிக்கிற நம் ஆட்களுக்கு இங்கேதான் அதிர்ச்சி. தொண்டாமுத்தூர், மாதம்பட்டிப் பக்கம் விளைகிற பன்னீர் திராட்சை வாசத்தை நினைத்துக்கொண்டு வாயில் ஊற்றினால் இனிப்பே இருக்காது. ஒயின் திராட்சை சின்னது, தோல் தடித்தது, பறிக்கும்போது நாம் தின்னும் திராட்சையைவிட இனிப்பு கூட. ஆனால் அந்தச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை போனால் ஏறத்தாழ ஒரு சதவீதம் ஆல்கஹால். 13 சதவீதம் வேண்டுமென்றால் எத்தனை சர்க்கரை கரைந்திருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கெட்டுப்போன ஒயினைக் கண்டுபிடிப்பது எளிது. ஈரமான அட்டைப்பெட்டி, பூஞ்சை வாசம் வந்தால் கார்க் கெட்டது. காடி வாசமோ, நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசமோ தூக்கலாக வந்தால் போய்விட்டது. பழத்தை வேகவைத்த மாதிரி ஒரு சப்பை வாசம் வந்தால் வெயிலில் வெந்தது, நம்மூரில் அதிகம் மாட்டுவது இதுதான். கெட்டுப்போன ஒயின் பெரிதாக உடம்பைப் படுத்தாது, ஆனால் கறியையும் சேர்த்துக் கெடுக்கும். சிங்க்கில் கொட்டிவிடுங்கள்.

துவர்ப்பு எது, புளிப்பு எது என்று குழப்பம் இருந்தால் ஒரு டீத்தூள் பயிற்சி. பால் இல்லாத டீயை மூன்று டம்ளரில் போடுங்கள். ஒன்றை 2 நிமிஷத்திலும், அடுத்ததை 5 நிமிஷத்திலும், கடைசியை 10 நிமிஷத்திலும் வடிகட்டுங்கள். வரிசையாக ஒரு மடக்கு. வாய் இழுத்துப் பிடிப்பது டேனின், ஒயினில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். கடைசி டம்ளரில் கொஞ்சம் பால் ஊற்றிக் குடித்தால் இழுப்பு குறைந்துவிடும், டேனின் நம் எச்சிலின் புரதத்தை விட்டுவிட்டுப் பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால். கறியும் கொழுப்பும் ரெட் ஒயினை மிருதுவாக்குவது பெரும்பாலும் இதே வழியில்தான்.

ஐந்து சிட்டிகைத் தட்டு

சாப்பாட்டோடு சேர்ப்பதைப் பற்றி ஆயிரம் விதி இருக்கிறது. ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு தட்டு போதும். அதில் ஐந்து விஷயம்: உப்புப் போட்ட வறுகடலை, ஒரு கீற்று எலுமிச்சை, துண்டு அச்சுவெல்லம், எண்ணெயில் வறுத்த வரமிளகாய் ஒன்று, ஒரு ஸ்பூன் நெய் பிசைந்த சோறு. முதலில் வெறும் ஒயின் ஒரு மடக்கு. பிறகு ஒவ்வொன்றாக வாயில் போட்டு, முழுசாக விழுங்கி, உடனே ஒரு மடக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர்.

பவானியில் இருக்கும் என் மச்சான் சுத்தமான பிராந்தி ஆள். வெறும் ஒயினைக் குடித்ததும் முகத்தைச் சுளித்து, "ஏனுங் மாப்ள, புளிச்சுப் போச்சுங்களா இது?" என்றார். எலுமிச்சையை நக்கிவிட்டு மறுபடியும் குடிக்கச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தார். "இப்ப இனிக்குதுங்களே. வேற ஊத்துனீங்களா?" அடுத்து வெல்லம். அதைத் தின்றுவிட்டுக் குடித்ததும், "ஐயோ, வேண்டாமுங்க" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். ஒயின் அதேதான், வாய்தான் மாறியது.

எலுமிச்சையின் புளிப்பு ஒயினின் புளிப்பை மறைத்து, பழத்தை முன்னால் கொண்டுவரும். அளவு மீறினால் ஒயின் தண்ணீராகிவிடும். வெல்லம் ஒயினைக் கசப்பும் புளிப்புமாக்கும். உப்பு துவர்ப்பை அடக்கும், வறுகடலையோடு அந்த ஒயின் இரண்டு மடங்கு விலைக்குத் தெரியும். வரமிளகாய் சூட்டையும் துவர்ப்பையும் கூட்டும். நெய்ச்சோறு எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கும். இந்த ஐந்தும் நாக்கில் பதிந்துவிட்டால், எந்தக் குழம்பைப் பார்த்தாலும் எது தூக்கல் என்று யோசித்து, ஒயின் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கறி, கோழி, மற்றவை

இதில் முதல் இடம் வெள்ளாட்டுக்கறிக் குழம்புக்கு. நம் பக்கத்துக் குழம்பில் மல்லியும் சீரகமும் மிளகும் வறுத்து, சின்ன வெங்காயம் வதக்கி, தேங்காய் சேர்த்து அரைக்கிறோம். புளி இல்லை, காரமும் தெற்கத்திக் குழம்பைவிட ஒரு படி கீழே. தேங்காயும் ஆட்டுக்கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கின்றன, வறுத்த மல்லியும் மிளகும் ஷிராஸின் மசாலா வாசத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. ஈரோட்டு மஞ்சளின் மண்வாசம்கூட இதில் உதவுகிறது என்பது என் கணிப்பு. குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள், வெந்த நாக்குக்கு ஒயின் வெறும் எரிச்சல். எலும்போடு சேர்ந்த நெஞ்செலும்புக் கறியாக இருந்தால் இன்னும் விசேஷம். சோற்றோடு பிசைந்து சாப்பிடும்போது குடிப்பதைவிட, கறியைத் தனியாகக் கடித்துவிட்டு ஒரு மடக்கு என்று போனால் பொருத்தம் தெளிவாகத் தெரியும்.

பள்ளிபாளையம் சிக்கனைப் பார்த்ததும் பயப்படுவார்கள், தட்டு முழுக்கச் சிவப்பு மிளகாய். ஆனால் முறைப்படி செய்தால் அது மிளகாயின் வாசத்துக்கான பண்டம். விதையை உதறிவிட்டுப் போட்டால் காரம் பாதி போய்விடும், சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் இனிப்பைக் கொடுக்கும். இதற்கு ஜின்ஃபண்டெலை நன்றாகக் குளிரவைத்து, 13 டிகிரி வாக்கில். ஒரு வாய்க் கறியோடு ஒரு தேங்காய்ச் சில்லும் கட்டாயம் வர வேண்டும். மிளகாயை விதையோடு போட்டு, மிளகாய்த்தூளும் கொட்டுகிற கடைச் சிக்கன் என்றால் ஒயினைத் திறக்காதீர்கள், மோர் குடியுங்கள்.

நாட்டுக்கோழி பிராய்லர் மாதிரி இல்லை. சதை இறுகி, ருசி கூடி இருக்கும், ஷிராஸையே தாங்கும். மிளகு வறுவலாகச் செய்தால் அருமை. மிளகின் காரம் மிளகாயின் காரம் அளவுக்கு ஒயினோடு சண்டை போடாது.

ஈரல் வறுவல் கொஞ்சம் வம்பு. துவர்ப்பான ரெட்டோடு சேர்ந்தால் இரும்பு நக்கிய மாதிரி இருக்கும். எலுமிச்சை பிழிந்து, உப்பை ஒரு கல் கூட்டினால் சரியாகிவிடும். தலைக்கறியும் குடலும் பிசுபிசுப்பான பண்டங்கள், ஒயினின் புளிப்பு அதை அறுத்துவிடும், எனக்குப் பிடிக்கும். மேட்டூர் அணை மீன் வறுவலுக்கு ரெட் வேண்டாம். ரெட் ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கவிச்சியைக் கிளப்பிவிடுகிறது என்று 2009-ல் ஜப்பானில் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி: அரிசிம்பருப்பு சாதம். பூண்டும் சின்ன வெங்காயமும் சீரகமும் போட்டு, துவரம்பருப்பு குழைய வேகவிட்டு, மேலே ஒரு கரண்டி நெய். உப்பு, கொழுப்பு, மிதமான காரம் எல்லாம் ஒரே தட்டில். மெர்லோவோ ஜின்ஃபண்டெலோ இதோடு சத்தமில்லாமல் போகும். பக்கத்தில் அப்பளம் இருந்தால் போதும், ஊறுகாய் வேண்டாம். புரட்டாசியில் கறி நிறுத்துகிறவர்கள் அந்த மாதத்தில் ஒயினையும் நிறுத்திவிடுவார்கள் என்பதால் இந்த யோசனை அவர்களுக்கு அப்போது பயன்படாது, ஐப்பசி வரை காத்திருக்கட்டும்.

கொள்ளுப் பருப்பை நம்பி ஏமாறாதீர்கள். மண்வாசம் ஒத்துப்போகும் என்று தோன்றும், ஆனால் கொள்ளுத் தோலிலேயே துவர்ப்பு உண்டு. இரண்டு துவர்ப்பும் சேர்ந்து வாயைக் கட்டிவிடும். நெய் தாராளமாக ஊற்றினால் கொஞ்சம் தேறும். ஊட்டியில் இருந்து வருகிற மொட்டுக் காளானை மிளகுபோட்டு வறுத்தால் ஷிராஸுக்கு நல்ல சைவக் கூட்டாளி. கோயம்புத்தூர் தள்ளுவண்டிக் காளான் வேறு விஷயம், அதில் முட்டைக்கோஸ்தான் அதிகம், இனிப்பும் புளிப்புமான சாறு ஒயினை ஒரே அடியில் படுக்கவைக்கும். பச்சைப்புளி ரசம், தயிர், புளிக்குழம்பு வரும்போது கிளாஸை ஓரம் தள்ளி வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 'போர்ட்' பாட்டில். ஒப்புட்டு (போளி), எள்ளுருண்டை, கடலை மிட்டாய் போன்றவற்றோடு இனிப்பில்லாத ரெட் குடித்தால் மச்சான் முகம்தான். ஒயின் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அங்கே இந்த இனிப்பு ஒயினை ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில், முப்பது நாற்பது மில்லி மட்டும். எள்ளுருண்டைக்கு அது நிஜமாகவே பொருந்துகிறது. ஒப்புட்டுக்கு எனக்கு அத்தனை திருப்தி இல்லை, நெய்யும் தேங்காயும் ஒயினை மூடிவிடுகின்றன.

அளவும் மீதியும்

750 மில்லி பாட்டில் 150 மில்லி கணக்கில் ஐந்து கிளாஸ். ஒரு கிளாஸில் 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். ஒன்றிரண்டு கிளாஸில் அதைத் தாண்டிவிட முடியும் என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வண்டிச் சாவியை வீட்டு அம்மிணியிடம் கொடுத்துவிடுவது நல்லது. விருந்தாளிகளை அனுப்ப வேண்டியிருந்தால் ஒயினை மத்தியானத்தோடு முடித்துவிடுங்கள்.

மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் நிற்கவைத்தால் மூன்று நாள் தாங்கும், வெளியே வைத்தால் மறுநாளே புளிக்க ஆரம்பித்துவிடும். சின்னத் தண்ணீர் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடினால் காற்றுக்கு இடமில்லாமல் இன்னும் ஒன்றிரண்டு நாள் போகும். அதற்கும் மேல் கிடந்தால் குடிக்க வேண்டாம், சமையலுக்கு எடுங்கள். மட்டன் வறுவலில் தண்ணீர் சுண்டி, அடியில் மசாலா பிடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் அரை டம்ளர் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிவிட்டு, பச்சை வாசம் போகும் வரை தீயைக் கூட்டி வையுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பில் இதைச் செய்யாதீர்கள், நிறமும் கெடும், ருசியும் ஒட்டாது.